ஒரே வினாத்தாளைக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளின் திறமையையும் நியாயமாக அளந்தது ஆகாதா?

எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே நேரம், அப்புறம் என்ன அநியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன். தாள் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்றுதான் சொல்வேன். ஒரு கேள்வி எதை அளக்க வந்ததோ அதையேதான் எல்லாப் பிள்ளையிடமும் அளக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாக ஒரு மாதிரித் தாள் கொடுத்திருந்தேன். அதில், தரைத்தளத்தில் லிப்ட் ஏறும் ஒருவர் 5 மாடி மேலே போய், 3 மாடி இறங்கினால் எந்த மாடியில் நிற்பார் என்று ஒரு கேள்வி. ஒரு பிள்ளை அதை எழுதாமலே விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "தரைத்தளம்னா ஒண்ணாம் மாடியா டீச்சர்?" என்றாள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள், லிப்டைக் கண்டதே இல்லை.

அன்று பின்னேரம் அவளை, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் அம்மாவோடு பார்த்தேன். நிறையைப் பதியும் கணக்கப்பிள்ளை கொப்பியைத் திறக்கும் முன்னரே அம்மாவின் கணக்கைச் சொல்கிறாள்: "காலையில 6, பகலுக்கு 7, அந்திக்கு 9. ஒவ்வொரு தடவையும் 2 கிலோ கழிச்சா 16 தான். இன்னும் 2 இருந்தா முழுப்பேர்." முழுப்பேர் என்றால் முழு நாள் சம்பளம். மனக்கணக்குத்தான், விரல்கூட மடக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கா கூட்டலும் கழித்தலும் வராது?

வார்த்தையை எடுத்துவிட்டுப் படமாகக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 1917இல் அமெரிக்க இராணுவம் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களுக்காக அப்படித்தான் ஒரு சோதனை செய்தது. படத்தில் எது இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு படத்தில் டென்னிஸ் மைதானத்தில் வலை இல்லை, இன்னொன்றில் கிராமபோனுக்குக் குழல் இல்லை. இரண்டையும் வாழ்க்கையில் பார்க்காத ஆள் என்ன செய்வார்?

ஒரு பிள்ளையின் கதையை வைத்து ஒரு கேள்வியைப் பிழை என்று சொல்லவும் முடியாது. அதற்கு முறை இருக்கிறது. கொழும்புப் பிள்ளைகளின் சராசரியையும் மலையகப் பிள்ளைகளின் சராசரியையும் அப்படியே ஒப்பிட்டால், ஆசிரியர் பற்றாக்குறை, டியூஷன் எல்லாம் அதில் கலந்து வரும். மொத்தப் புள்ளி சமமாக எடுத்த பிள்ளைகளை மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும். மற்றக் கேள்விகளில் ஒன்றுபோலச் செய்பவர்கள் லிப்ட் கேள்வியில் மட்டும் ஒரு பக்கம் தடுக்கினால், அந்தக் கேள்வியைத்தான் சந்தேகப்பட வேண்டும். அப்புறம் விஷயம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து காரணம் பார்ப்பார்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் நுவரெலியா, பதுளை போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள். நல்லதுதான், வேண்டியதும்கூட. ஆனால் நுவரெலியா டவுன் பிள்ளையும் என் வகுப்புப் பிள்ளையும் ஒரே மாவட்டம். அதோடு, அது புள்ளி வந்த பிறகு செய்யும் திருத்தம். கேள்வி அப்படியேதான் இருக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் கொழுந்துக் கணக்காக மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்போது கொழும்புப் பிள்ளை "அரைப்பேர்னா என்ன?" என்று முழிக்கும். அடுத்த நாள் அதே கணக்கைப் படிக்கட்டில் கேட்டேன். கீழே நிற்கிறாய், 5 படி ஏறி, 3 படி இறங்குகிறாய், எத்தனையாவது படி? நான் கேட்டு முடிக்கவில்லை, "ரெண்டு டீச்சர்" என்றாள்.