முதல் நூறு பிரதியில் லாபம் தேடாதீர்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். தருமபுரி வட்டாரத்து நடுகற்கள் பற்றி எழுதிய கட்டுரைகள் ஒரு புத்தக அளவுக்குச் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாவலும் முடிந்து கிடக்கிறது. 60,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதி போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நானே பதிப்பித்து, ஓரிரு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு எழுத்தை நம்பியே வாழ முடியுமா?

பதில்: நீங்களே பதிப்பிக்கலாம். வேலையை மட்டும் இப்போது விட வேண்டாம். கணக்கு எழுதுபவர் என்பதால் கணக்கிலேயே காட்டுகிறோம்.

டெம்மி (வழக்கமான நூல் அளவு) அளவில் 160 பக்கம், விலை 220 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை மூன்றுக்கும் ஒருமுறைச் செலவு 14,000. டிஜிட்டல் அச்சில் 100 பிரதி, பிரதிக்கு 100 ரூபாய் வீதம் 10,000. ஆக 24,000. (இவை கணக்குக்காக எடுத்த தொகைகள். உங்கள் அச்சகத்தின் விலைப்புள்ளியை வாங்கி இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.) 60 பிரதி நீங்கள் நேரில் விற்றால் 13,200. கடைக்கு 35 சதவீதம் கழிவு போக 143 ரூபாய் வீதம் 30 பிரதிக்கு 4,290. மீதி 10 பிரதி மதிப்புரைக்கும் வேண்டியவர்களுக்கும் போய்விடும். வரவு 17,490. முதல் நூறில் 6,510 ரூபாய் நட்டம்.

இரண்டாம் நூறுக்கு அச்சுக்கூலி மட்டும்தான் செலவு. அதே விற்பனையில் 7,490 மிஞ்சும். அப்போதுதான் போட்ட பணம் முழுதும் திரும்புகிறது. அதற்கு மேல் பிரதிக்குச் சுமார் 75 ரூபாய் நிற்கும். மாதம் 15,000 வேண்டுமானால் வருடத்துக்கு 2,400 பிரதி விற்க வேண்டும். ஒரு தலைப்பால் அது ஆகாது. ஐந்தாறு தலைப்புகள் அச்சில் தீராமல் இருந்தால்தான் அந்த எண்ணை எட்டிப் பார்க்கவே முடியும். ஆகவே புத்தகத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, விற்ற பணத்தை வீட்டுச் செலவில் கலக்காமல் அடுத்த அச்சுக்கு வையுங்கள்.

300 பிரதி ஆசையை விடுங்கள். 500க்கு மேல் போனால் ஆஃப்செட்டில் (தகடு செய்து மொத்தமாக அடிக்கும் அச்சு) பிரதி விலை இறங்கும், உண்மைதான். ஆனால் விற்காத கட்டு மழைக்காலத்தில் ஈரம் இழுத்து அட்டை வளைந்தால், விலையில் மிச்சம் பிடித்தும் பயனில்லை. முதல் நூறில் கண்ட பிழைகளை இரண்டாம் நூறில் திருத்திக்கொள்ளலாம் என்பதும் சிறிய அச்சின் பெரிய வசதி.

60,000 கேட்பவரிடம் எதற்கும் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: ஐஎஸ்பிஎன் (நூலுக்கான தனி அடையாள எண்) யார் பெயரில், திறந்து திருத்தக்கூடிய வடிவமைப்புக் கோப்பு உங்கள் கைக்கு வருமா, உரிமை எத்தனை வருடத்துக்கு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். ஐஎஸ்பிஎன்னுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இணையவழியில் இலவசமாகவே தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அச்சுப்பிழை மட்டும் திருத்திய மறு அச்சுக்குப் புது எண் வேண்டாம், உள்ளடக்கத்தை மாற்றித் திருத்திய பதிப்புக்கு வேண்டும்.

முதலில் நடுகல் நூலைப் போடுங்கள். தமிழ், வரலாற்றுத் துறைகள், தொல்லியல் ஆர்வலர்கள் என்று அதை யார் வாங்குவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். வருடக்கணக்கில் கேட்டு வாங்குவார்கள். நாவலுக்கு அந்த வசதி இல்லை. இந்த நூலால் உங்கள் பெயர் பழகிய பிறகு அது வரட்டும். படங்களில் கவனம் தேவை. உள்பக்கங்களுக்குப் போடும் 70 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சிப் பரப்புவதால் கல்லின் படம் கறுத்துவிடும், எழுத்துப் பொறிப்பு தெரியாது. படங்களை 300 டிபிஐ (படத்தின் நுணுக்க அளவு) தரத்தில் எடுத்து, வழுவழுப்பான ஆர்ட் தாளில் 16 பக்க ஒரே ஃபாரமாக (ஒன்றாக மடித்த பக்கத் தொகுதி) நடுவில் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். காலைச் சாய்வெயிலில் எடுத்த படத்தில்தான் புடைப்பு எழுந்து நிற்கும்; உச்சிவெயிலில் எடுத்தவற்றை மறுபடி போய் எடுத்துவிடுங்கள்.

அடுத்த தொல்லை எழுத்துரு. டிடிபி கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் தாளில் அழகாக வரும், மின்நூலாக்கும்போது உடையும். யூனிகோடுக்கு மாற்றியபின் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, கொம்பு வரும் எழுத்துகள், ஒற்றுப்புள்ளி ஆகியவற்றை வரிவரியாகப் பார்க்க வேண்டியிருக்கும். முதலிலிருந்தே யூனிகோடில் அடியுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் எழுத்து பிரிந்து விழும். அட்டைக்காரருக்குப் புத்தக முதுகின் அகலத்தை அச்சகத்திடம் கேட்டுச் சொல்லுங்கள். தாள் மாறினால் அதுவும் மாறும்.

மின்நூலை அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில் இடலாம், தமிழை ஏற்கிறது. கோப்பு வேர்டிலோ இபப் என்னும் மின்நூல் வடிவிலோ இருக்கட்டும். இந்திய விற்பனையில் உங்கள் பங்காக 70 சதவீதம் வேண்டுமென்றால் ‘கேடிபி செலக்ட்’ திட்டத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் 35. சேர்ந்தால் அந்த 90 நாள் தவணையில் அதே மின்நூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகத் தரவோ கூடாது. பணம் மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்து வரும்.

விற்பனைக்கு அஞ்சல்தான் உங்கள் கடை. 2025 மே 1 முதல் நடப்பில் உள்ள அஞ்சல் துறையின் ‘ஞான் போஸ்ட்’டில் 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. கல்வி, பண்பாடு சார்ந்த நூல்களுக்கான சேவை அது என்பதால் நடுகல் நூல் பொருந்தும். அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் நூலில் இருக்க வேண்டும். 70 ஜிஎஸ்எம்மில் 160 பக்கம் சுமார் 190 கிராம், ஆர்ட் தாள் ஃபாரம் சேர்ந்தாலும் உறையோடு வரம்புக்குள் அடங்கும். 240 பக்கத்தை நெருங்கினால் உறையோடு 300 கிராம் தாண்டி அடுத்த கட்டணத்துக்குப் போகும். பக்கம் தீர்மானிக்கும்போதே இதையும் பாருங்கள்.

தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களில் ஒரு தலைப்பை நம்பிக் கடை எடுக்க வேண்டாம். வாடகை கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பகத்தின் கடையில் பத்துப் பத்தாக வைத்து, எண்ணிக்கையும் கழிவும் எழுதிய ரசீது வாங்குங்கள். விழா முடிந்த நாளே மீதியை எண்ணி எடுத்துவிடுங்கள். ஓசூரில் அறிமுகமானால் பெங்களூர்த் தமிழ் வாசகர்களிடம் போக வழி கிடைக்கும். நூலக ஆணைக்கு (அரசு பொது நூலகங்களுக்காக வாங்கும் ஆணை) விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பிக் கூடுதலாக அச்சிடாதீர்கள்.

புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் உங்கள் செலவில் நான்கு பிரதிகளைக் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் பதிப்பாளர் மேல் வைக்கும் கடமை இது; நீங்கள்தான் இப்போது பதிப்பாளர். முதல் நூறைக் கணக்கிடும்போதே அந்த நான்கையும் கழித்துவிடுங்கள்.