வாசகர் கேள்வி – பதில்: தராவாவில் மாண்டவர்கள்

பசிபிக் போர் பற்றிச் சென்ற இதழில் வெளியான பதில் ஒன்றில், 1943 நவம்பரில் தராவா பவளத்தீவுக் கூட்டத்தின் பெசியோ தீவை அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் 76 மணி நேரத்தில் கைப்பற்றியதை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் அளிக்கிறோம்.

மூன்று நாள் சண்டையில் ஏறத்தாழ ஆயிரம் அமெரிக்கர்கள் சாகும் அளவுக்கு அந்தத் தீவில் அப்படி என்ன இருந்தது?
– பெரம்பூர் வாசகர்

ஒரு விமானத்தளம் இருந்தது. தீவின் நீளம், மெரினாவில் கலங்கரை விளக்கத்திலிருந்து அண்ணா சமாதி வரை உள்ள தொலைவுதான். அகலமோ எந்த இடத்திலும் ஒரு கிலோமீட்டரைத் தொடாது. தென்னங்கட்டைகளை அடுக்கி, மேலே மணலைக் கொட்டி ஜப்பானியர் அமைத்திருந்த பதுங்குகுழிகளில் பல, நவம்பர் 20 காலையில் போர்க்கப்பல்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரம் குண்டு பொழிந்த பிறகும் அசையாமல் நின்றன.

முதல் நாள் சாவுகளில் கடலுக்கும் பங்குண்டு. அன்று பஞ்சாங்கப்படி தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள், அதாவது கடலேற்றம் குறைவாக இருக்கும் நாள். நிலாவும் பூமியை விட்டு வெகுதொலைவில் இருந்ததால் கடல் ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. நீரிலும் நிலத்திலும் ஓடும் சங்கிலிச் சக்கர வண்டிகளில் வந்த முதல் மூன்று அணிகள், தீவைச் சுற்றி நீருக்கடியில் கிடந்த பவளத்திட்டைக் கடந்து கரை சேர்ந்தன. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்த படகுகளுக்குக் குறைந்தது நான்கடி ஆழமாவது வேண்டியிருந்ததால், அவை திட்டின் விளிம்பிலேயே தட்டி நின்றுவிட, அவற்றில் இருந்தவர்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, மார்பளவு நீரில், ஒதுங்குவதற்கு ஒரு மறைவும் இல்லாமல், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேரே ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நடந்தார்கள். காயம் சிறிதாக இருந்தும், குண்டு விழுந்து குழிந்த ஆழத்தில் கால் தவறி, முதுகுச் சுமை இழுக்க மூழ்கியவர்கள் உண்டு. அன்று கரையேற்றப்பட்ட சுமார் 5,000 பேரில் இருட்டுவதற்குள் 1,500 பேர் இறந்தோ காயமுற்றோ இருந்தார்கள்.

ஜப்பானியத் தரப்பில் 17 பேர் மட்டுமே உயிரோடு பிடிபட்டார்கள் என்பது உண்மையா?
– அடையாறு வாசகர்

ஜப்பானியப் போர்வீரர்களைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் சொல்லி நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தீவில் இருந்த ஏறத்தாழ 4,800 பேரில் போரிடுவதற்கென்று வந்தவர்கள் சுமார் 2,600 பேர். மற்றவர்கள் கட்டுமான வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களிலும் 1,200 பேர் கொரியர்கள், அதாவது 1910 முதல் ஜப்பானின் ஆட்சியின் கீழ் இருந்த ஒரு நாட்டவர்கள். கொரியர்களில் உயிர் பிழைத்தவர்கள் 129 பேர்.

கைதியாவது அவமானம் என்ற கட்டளை ஜப்பானியச் சிப்பாய்க்கு ஊட்டப்பட்டிருந்தது. சரணடையாத பதுங்குகுழிக்குள் வெடிமருந்தைப் போடுவதும் தீயைப் பாய்ச்சுவதும் அமெரிக்கர்களின் முறையாயிற்று. உள்ளே இருப்பவர் சிப்பாயா, மண்வெட்டி பிடித்த கூலியாளா என்று அந்தத் தீ பார்க்கவில்லை. இதே போரில் ஜப்பானியரால் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களின் கதை தெரிந்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அமெரிக்கக் கணக்கிலும் ஒரு விடுபடல் உண்டு. இதே நடவடிக்கையின் பகுதியாக மாக்கின் தீவருகே நின்ற லிஸ்கம் பே என்ற விமானந்தாங்கிக் கப்பலை, நவம்பர் 24 அன்று ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியதில் 644 பேர் மாண்டனர். தராவாவின் கணக்கில் இவர்களைச் சேர்ப்பவர்களும் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு.

தீவு மக்கள் என்ன ஆனார்கள்?
– தாம்பரம் வாசகர்

பெசியோவின் மக்கள் சண்டைக்கு முன்பே பக்கத்துத் தீவுகளுக்கு அகற்றப்பட்டிருந்தனர். ஆனால் 1942 அக்டோபரில், எதிரிக் கப்பல்களின் நடமாட்டத்தைக் கவனித்துத் தகவல் அனுப்பிய, நியூசிலாந்தைச் சேர்ந்த 17 கடற்கரைக் கண்காணிப்பாளர்களும் பொதுமக்கள் ஐவரும் அங்கே ஜப்பானியரால் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குடிமக்கள் நிறைந்த தீவில் இதே வகைப் போர் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1945இல் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் நடந்த போரே சான்று. அங்குள்ள நினைவுச் சுவரில் எல்லாத் தரப்பையும் சேர்த்து 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒக்கினாவா மக்களுடையவை.

இறந்தவர்கள் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள்?
– நந்தம்பாக்கம் வாசகர்

தங்கள் ஊரிலேயே போர்க் கல்லறை இருக்கிறது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பராமரிப்பில்லாமல் போகக்கூடிய இடங்களில் கிடந்த இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகளைத் திரட்டி அமைத்த இடம் அது. அங்கே ஒவ்வொரு கல்லும் வரிசை தப்பாமல் நிற்கும். பெசியோவில் நடந்தது நேர்மாறு. வெப்பத்தில் உடல்கள் விரைவில் அழுகியதால் அவசர அவசரமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அடுத்து விமானத்தளத்தை விரிவாக்கி, தீவை ஒழுங்குபடுத்திய பொறியாளர்கள் அந்தப் புதைகுழிகளின் அடையாளங்களை அகற்றிவிட்டு, பிற்பாடு அழகான வரிசையில் சிலுவைகளை நட்டார்கள். 1946இல் உடல்களை எடுக்க வந்த குழுவினர் தோண்டியபோது பல சிலுவைகளுக்கு அடியில் யாரும் இல்லை. இறந்தவர்களில் சுமார் பாதிப் பேரின் உடல்களே அப்போது கிடைத்தன. தொலைந்துபோன புதைகுழி ஒன்று 2015இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது பெற்ற அலெக்ஸாண்டர் பானிமேனின் எச்சங்கள் அதில் இருந்தன. கொரியர்களுக்கு அந்தச் சிலுவைகூட இல்லை.

இவ்வளவு உயிர்களைக் கொடுத்து அந்தத் தீவைப் பிடித்திருக்க வேண்டுமா?
– வேளச்சேரி வாசகர்

அங்கே இறங்கிய அமெரிக்கப் படைகளின் மேலதிகாரியாக இருந்த ஹாலண்ட் ஸ்மித்தே, தராவாவைத் தொடாமல் விட்டிருக்கலாம் என்று போருக்குப் பின் எழுதினார். அங்கே கிடைத்த படிப்பினைதான் அடுத்த தீவுகளில் உயிர்களைக் காத்தது என்பது மறுதரப்பின் வாதம். அதில் உண்மை உண்டு: 1944 தொடக்கத்தில் குவாஜலீனில் குண்டுவீச்சு நீண்டது, சங்கிலி வண்டிகள் பெருகின, அமெரிக்கத் தரப்பில் இறந்தவர்கள் 400க்கும் குறைவு. ஆனால் ‘படிப்பினை’ என்றால் முன்பு தெரியாதது என்றல்லவா பொருள்? பல ஆண்டுகள் அந்தத் தீவுகளில் வாழ்ந்த மேஜர் ஃபிராங்க் ஹாலண்ட், அந்த நாளில் பவளத்திட்டின் மேல் மூன்றடித் தண்ணீர்கூட இருக்காது என்று படையிறங்குவதற்கு முன்பே எச்சரித்தார். கூடுதல் சங்கிலி வண்டிகள் வேண்டும் என்று படைத்தளபதிகளும் கேட்டார்கள். கேட்டதில் ஒரு பகுதியே கிடைத்தது. தேதி மட்டும் மாறவில்லை.