பண்டிகைக்கு என்ன ஒலிபரப்புவது, காசுக்கு என்ன செய்வது?

கோத்தகிரிப் பக்கம், சுற்றுவட்டார மக்களுக்காக நடக்கும் ஒரு சின்ன சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரிப்பது என் வேலை. தீபாவளி முடிந்து பொங்கல் வரை மூச்சுவிட நேரமிருக்காது. ஆண்டுச் செலவுக்கு வழி பார்ப்பதும் அந்த நாட்களில்தான். புதிதாக நிலையம் தொடங்கியவர்களும் தொடங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்களுக்கு இதுதான் முதல் பண்டிகைக் காலம். சினிமாப் பாட்டு போட்டால்தான் ஜனம் கேட்கும் என்கிறார்கள் எங்கள் பையன்கள். உண்மையா? (தாண்டிக்குடி)

பாதி உண்மை தம்பி. போட்டால் கேட்பார்கள். ஆனால் அதே பாட்டைப் பெரிய எஃப்எம்கள் நம்மைவிடத் தெளிவாகப் போடுகின்றன. அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்கப்போவதில்லை.

அப்புறம் உரிமை விவகாரம். மார்கழியில் ஆண்டாள் பாசுரம் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் அதை ஒருவர் பாடி ஒரு நிறுவனம் வெளியிட்ட பதிவு என்றால், வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு அதற்கு உரிமைக்காரர் உண்டு. பாட்டு பழசு என்பதால் பதிவும் பழசாகிவிடாது. அதனால் நாங்கள் உள்ளூர்ப் பெண்களையே பாட வைக்கிறோம். சுருதி அங்கங்கே விலகும். யாரும் குறை சொன்னதில்லை. "இன்னிக்குப் பாடினது யார் வீட்டுப் பொண்ணு?" என்றுதான் போன் வரும்.

ஒலிபரப்பில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது உரிம நிபந்தனை. மற்ற மாதங்களில் அதை எட்டத் திண்டாடுவோம். பண்டிகை மாதங்களில் அது தானாக நடக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் வாரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆளுக்கொரு ரெக்கார்டர் கொடுக்க வசதி இல்லையா, வீட்டில் இருக்கும் போனே போதும். "உன் பாட்டி சின்ன வயதில் பொங்கல் எப்படிக் கொண்டாடினார் என்று கேட்டுவா" என்று அனுப்புங்கள். பெற்றோரின் சம்மதத்தை எழுதி வாங்கிவிடுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருப்பவர்களில் பலர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அரசு 1968இலிருந்து தேயிலைத் தோட்டங்களைப் போட்டதே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். என் அப்பாவும் அப்படி வந்தவர். கப்பலில் வந்த கதையைவிட, லைனுக்கே ஒன்றாக இருந்த டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்து கேட்ட கதையைத்தான் அதிகம் சொல்வார். அந்தத் தலைமுறைக்கு ரேடியோவில் தன் பெயர் வருவது இன்றைக்கும் பெரிய விஷயம். ஒரு பிள்ளை நம் நிலையத்தில் இரண்டு நிமிஷம் பேசினால் அந்த லைன் முழுக்க அன்று ரேடியோ ஓடும்.

படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போய்ப் பதிவு செய்ய ஆசை. மைக்கோடு நேராகப் போய்விடலாமா? (குன்னூர்)

கூடாது. முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பாருங்கள், அதுவும் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே. எதைப் பதிவு செய்யலாம், எதைக் கூடாது, எதைப் பதிவு செய்தாலும் ஒலிபரப்பக் கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். படகர் ஊரானாலும், கோத்தர் ஊரானாலும், தோடர் மந்தானாலும் (அவர்கள் ஊருக்கு அதுதான் பெயர்) இதே முறைதான். சடங்குக்கு மட்டுமே உரிய பாட்டு உண்டு. வீட்டு முற்றத்தில் யாரும் பாடும் பாட்டும் உண்டு. இரண்டாவது வகையே ஒரு மாதத்துக்குப் போதும். எங்கும் ஜனம் வெள்ளை உடுத்தி நிற்கும் இடத்துக்குப் பளபளவென்று சட்டை போட்டுப் போகாதீர்கள். என்னோடு வந்த ஒரு பையன் போனான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்று ஒருவரும் பேசவும் இல்லை.

பறை, தவில், கொம்பு எதுவானாலும் பக்கத்தில் போகாமல் பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். ஒலி அளவைக் குறைத்து வையுங்கள். உடைந்த சத்தத்தை எடிட்டில் ஒட்டவைக்க முடியாது. மலைக்காற்றுக்கு மைக்கின் மேல் பஞ்சுறை கட்டாயம். பணம் இல்லையென்றால் பழைய கம்பளிக் காலுறையை மாட்டுங்கள், வேலை செய்யும்.

கொடைக்கானல் எஃப்எம் திருச்சி வரை கேட்கிறது. உங்களுடையது அடுத்த மேட்டைத் தாண்டவில்லையே? (சோலூர்மட்டம்)

குத்தலாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். ஆகாசவாணியின் கொடைக்கானல் நிலையத்துக்கு 10 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதி 100 வாட். அதாவது நூறில் ஒரு பங்கு. ஆன்டெனாக் கம்பமும் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. தவிர, அவர்கள் மலை உச்சியிலிருந்து சமவெளியைப் பார்த்து ஒலிபரப்புகிறார்கள், நாம் மலையிலிருந்து இன்னொரு மலையைப் பார்த்து. எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. நடுவில் குன்று வந்தால் அதன் பின்பக்கம் நிழல்தான்.

உங்கள் பக்கத்துக்குப் பண்டிகை நிகழ்ச்சிகளைப் பென்டிரைவில் கொண்டுவந்து சமுதாயக் கூடத்தில் ஸ்பீக்கர் வைத்துப் போடுகிறோம். கேட்டுவிட்டுத் திட்டவும் அங்கேயே வசதி இருக்கிறது. இன்னொன்று: போனில் எஃப்எம் கேட்க ஒயர் இயர்போன் செருக வேண்டும், அந்த ஒயர்தான் ஆன்டெனா.

காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது அக்கா. எப்படிக் கேட்பது? எப்போது? (பண்ணைக்காடு, அரவேணு, இன்னும் நாலு பேர்)

எனக்கும் முதல் வருடம் கூச்சம்தான். "எங்கள் வானொலிக்கு உதவுங்கள்" என்று மென்று விழுங்கினேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வருடம், "இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டது. ஐப்பசி மழையில் கரண்ட் போன நேரமெல்லாம் நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தது உங்களுக்கே தெரியும். புது பேட்டரிக்கு இவ்வளவு ஆகும்" என்று கடை பில்லைப் பார்த்து வாசித்தேன். பத்து நாளில் பேட்டரி வந்தது. பொதுவாக உதவி கேட்டால் யாருக்கும் உறைக்காது, பொருளைச் சொல்லிக் கேளுங்கள்.

பொருளாகச் சொல்ல முடியாத செலவை மணிக்கணக்காக மாற்றுங்கள். மாதம் 60,000 ரூபாய் செலவு, நாளுக்கு 8 மணி நேரம் ஒலிபரப்பு என்று வைத்துக்கொள்வோம். 240 மணி நேரம். மணிக்கு 250 ரூபாய். "ஒரு மணி நேரம் இந்த வானொலி பேச 250 ரூபாய் ஆகிறது" என்றால் கொழுந்து பறிக்கும் அக்காவுக்கும் புரியும். அவர் 50 கொடுத்தால் பன்னிரண்டு நிமிஷம் அவருடையது.

யார் கேட்பது என்பதும் முக்கியம். அறிவிப்பாளர் கேட்டால் சம்பளத்துக்குக் கேட்பதாகத் தோன்றும். நிகழ்ச்சியில் பேசிய பாட்டியோ, பாடிய பிள்ளையின் அம்மாவோ அரை நிமிஷம் சொன்னால் போதும். நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

கொடுத்தவர் பெயரை வாசிக்கிறோம், தொகையை வாசிப்பதில்லை. இதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. கோயில் திருவிழாவில் மைக்கில் தொகை சொல்வது வழக்கம்தானே, சொன்னால்தான் போட்டி போட்டுக் கொடுப்பார்கள் என்றது ஒரு கட்சி. ஐயாயிரத்துக்குப் பின்னால் ஐம்பதை வாசித்தால் அந்த ஐம்பதுக்காரர் அடுத்த வருடம் வரமாட்டார் என்றேன் நான். எங்களுக்கு ஐம்பதுக்காரர்கள்தான் அதிகம்.

எப்போது கேட்பது? தீபாவளி போனஸ் வந்த வாரம் கேட்காதீர்கள். சட்டப்படி அது 8.33 சதவீதத்திலிருந்து 20 வரை. எவ்வளவு வந்தாலும் துணிக்கும் கடனுக்கும் முன்பே பங்கு பிரிந்த காசு. மார்கழி, தையில் உறைபனி விழுந்து கொழுந்து குறையும். மலையில் காசு கேட்க நல்ல மாதம் என்று ஒன்று இல்லை. ஆகவே காசாகவே கேட்க வேண்டாம் என்பது என் கட்சி. அடுத்த பதிலைப் பாருங்கள்.

நூறு ரூபாய் சீட்டு அடித்து விற்று, புத்தாண்டன்று குலுக்கலில் மிக்ஸி கொடுக்கலாமா? (கட்டபெட்டு)

வேண்டாம். தமிழ்நாட்டில் 2003இலிருந்து லாட்டரிக்குத் தடை. காசு வாங்கி, சீட்டு கொடுத்து, குலுக்கிப் பரிசு தருவதை நல்ல காரியம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர்கள் இதில் விளையாடவே கூடாது.

ஏலம் போடுங்கள். சர்ச்சில் அறுப்பின் பண்டிகை பார்த்திருப்பீர்கள்: ஒரு பூசணிக்காய் கடை விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும், வாங்கியவரே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். அதே முறைதான். காசில்லாதவர் ஒரு கட்டு கேரட், ஒரு பாட்டில் தேன், ஒரு கூடை முட்டைக்கோஸ் கொடுக்கலாம். பழனி மலைக்காரர்களுக்கு மலைப்பூண்டு இருக்கவே இருக்கிறது. ஏலம் விடுபவர் நல்ல வாயாடியாக இருக்க வேண்டும். கூட்டத்தின் சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்து மறுநாள் போட்டால் அதுவே ஒரு பொங்கல் நிகழ்ச்சி. எங்களுக்கு ஏலத்தில் வந்த காசைவிட, அதைக் கேட்டுவிட்டு "நான் வராமப் போயிட்டேனே" என்று வந்தவர்கள் கொடுத்தது குறைவில்லை.

ஒரு ரிசார்ட் முதலாளி புத்தாண்டு இரவு நிகழ்ச்சி முழுவதையும் தன் பெயரில் வழங்கினால் பெரிய தொகை தருவதாகச் சொல்கிறார். (கொடைக்கானல்)

வாய் ஊறத்தான் செய்யும். ஆனால் "இந்த நிகழ்ச்சியை வழங்குவோர் இன்னார்" என்ற வகை நமக்கு அனுமதி இல்லை. மத்திய, மாநில அரசுகளோ மற்ற அமைப்புகளோ பொதுநலத் தகவலுக்காகத் தரும் நிகழ்ச்சிதான் விதிவிலக்கு. புத்தாண்டு டிஜே பொதுநலம் என்று யாரிடமும் வாதாட முடியாது.

அவரை விளம்பரக்காரராக வரச் சொல்லுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம்; முன்பு 7 நிமிடம்தான். அரசு விளம்பரக் கட்டணமும் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது. 30 நொடிக்கு 222 ரூபாய். மளிகைக்கடைக்காரரின் பொங்கல் வாழ்த்தும் விளம்பரம்தான், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி பேரனுக்குச் சொல்லும் வாழ்த்துக்கு மட்டும் ஒருபோதும் காசு வாங்காதீர்கள்.

ஜோசியர் விளம்பரம்?

ஆகாசவாணியின் விளம்பர விதிகள் நமக்கும் பொருந்தும். ஜோசியம், மது, புகையிலை எதுவும் ஆகாது.

என் தம்பி சவுதியில், சித்தப்பா கனடாவில். இருவரும் அனுப்பத் தயார். வாங்கலாமா? (கூடலூர்)

தம்பியிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். சித்தப்பா கனடாக் குடிமகன் ஆகிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நிதி. ரத்த உறவு கணக்கில் வராது. வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ பதிவு உங்கள் அமைப்புக்கு இல்லாமல் ஒரு டாலர்கூடத் தொடாதீர்கள்.

உள்ளூர்க் கொடையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவுள்ள அமைப்பு என்றாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது. புதிய வரிமுறைக்குப் போனவர்களுக்கும் கிடையாது. கியூஆர் அட்டை அமைப்பின் கணக்குக்கே போக வேண்டும், அறிவிப்பாளரின் சொந்த எண்ணுக்குப் போகவே கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் சரி.

மே மாதம் சீசனில் ஏதாவது செய்யலாமா?

மலர்க் கண்காட்சி, காய்கறிக் கண்காட்சி நாட்களில் உள்ளூர்க்காரருக்குப் பூவைவிடப் பேருந்து முக்கியம். எந்தச் சாலை ஒருவழி, எந்தப் பேருந்து சுற்றிப் போகிறது, 2024இலிருந்து வெளிவண்டிக்குக் கேட்கும் இ-பாஸ் யாருக்குத் தேவை என்று காலையிலும் மாலையிலும் சொல்லுங்கள். போக்குவரத்து, வானிலை, மின்தடை அறிவிப்புகளுக்குத் தடையில்லை. இதில் காசு வராது, ஆனால் அந்த மாதம் ரேடியோவை அணைக்கமாட்டார்கள்.

பண்டிகையன்று தொண்டர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போன வருடப் பதிவையே திரும்பப் போடலாமா? (கீழ்க்கோத்தகிரி)

போடலாம், முழுதாகக் கேட்டுவிட்டு. ஒலிபரப்பிய எதையும் மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பண்டிகைப் பதிவுகளை நாங்கள் அழிப்பதே இல்லை. அதனால் ஒரு பொங்கலுக்கு அவசரத்தில் முந்தின வருடக் கோப்பு ஓடிவிட்டது. அதில் வாழ்த்துச் சொன்ன ஒரு பாட்டி நடுவில் புரட்டாசியில் தவறிப்போயிருந்தார். "எல்லாரும் நல்லா இருங்க, அடுத்த பொங்கலுக்கும் பேசறேன்" என்று அவர் குரல் லைன் முழுக்கக் கேட்டிருக்கிறது.

மத்தியானம் அவர் மகன் வந்து நின்றார். திட்டு வாங்கத் தயாராக நாற்காலியைப் போட்டேன். "சின்னம்மா கொல்லையில இருந்தாங்க, அவங்க கேக்கல. சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு தடவை போடுவீங்களா?" என்றார். போட்டோம்.

அதிலிருந்து கோப்பின் பெயரில் வருடம், ஊர், பேசியவர் பெயர் மூன்றும் இருக்கும். டிசம்பர் முதல் வாரம் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து, பேசியவர்கள் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஊர் ஊராகப் போன் போட்டுக் கேட்கிறார். இல்லாதவர்களின் குரலை வீட்டாரைக் கேட்டுவிட்டே போடுகிறோம். இதுவரை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை; எத்தனை மணிக்கு என்றுதான் கேட்கிறார்கள்.