மதுரைப் பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் தெரபி நாய்: சரிப்படுமா?

மதுரை அருகே தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயங்கள். பிள்ளைகளின் மனநலத்துக்காக வெளிநாட்டுப் பள்ளிகளில் தெரபி நாய்களை அழைத்து வருகிறார்களே, அது நம் ஊருக்குச் சரிப்படுமா? உங்கள் வீட்டுச் சிப்பிப்பாறையைக் கூட்டிப் போகலாமா?

முதல் கேள்விக்கு, சரிப்படும் என்று தயங்காமல் சொல்வேன். நான் மேலூர்ப் பக்கம் ஓர் உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஆசிரியை. சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளிக்கு வியாழக்கிழமைகளில் லட்டு என்ற லேப்ரடார் வந்துகொண்டிருந்தது. அதை வளர்ப்பவர் ஓய்வுபெற்ற செவிலியர். நாய்க்கும் தனக்கும் சேர்த்தே பயிற்சி எடுத்தவர்.

பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் ஒருவருக்கு மட்டுமே துணை. தெரபி நாய் வளர்ப்பவரோடு வந்து, புதியவர்கள் பலர் நடுவில் அமைதியாக இருந்துவிட்டுப் போகும். இந்த எண்ணம் புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் தன் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து 1962இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நாய்க்குப் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டும் திட்டம் 1999இல் சால்ட் லேக் சிட்டியில் தொடங்கியது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8, 9 வயதுப் பிள்ளைகளை வாரம் இரண்டு முறை, முறைக்கு 20 நிமிடம், நான்கு வாரம் நாயோடு இருக்கவிட்டு, உமிழ்நீரில் கார்டிசோல் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தம் கூடினால் கூடும் ஹார்மோன் அது. பருவம் போகப் போக மற்றப் பிள்ளைகளுக்கு அது ஏறியது. நாயோடு இருந்தவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. 2022இல் வெளியான ஆய்வு இது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நான்காம் வகுப்புக்கு வந்தும், அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று கற்றல் நிலைகளில் 'மொட்டு' நிலையைத் தாண்டாத பையன் ஒருவன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். அவன் திக்குவதற்குள் பக்கத்துப் பெஞ்சு சொல்லை எடுத்துக்கொடுத்துவிடும், பின்பெஞ்சு சிரித்துவிடும். லட்டு பக்கத்தில் பாயில் உட்கார்ந்தபோது அவன் விரல் வரியின் மேல் ஊர்ந்தது. 'சுற்றுப்புறம்' என்ற இடத்தில் நின்றது. நாய் அவன் முழங்காலில் தாடையை வைத்துப் படுத்திருந்தது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, செவிலியரம்மாவும் வாய் திறக்கவில்லை. உதட்டை அசைத்து, எழுத்துக்கூட்டி, அந்தச் சொல்லை முடித்தான். அடுத்த பக்கத்தில் படம் வந்ததும் புத்தகத்தை நாயின் பக்கம் திருப்பிக் காட்டினான். நாய் அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. திருத்தவில்லை, அவசரப்படுத்தவில்லை, அவ்வளவுதான். தப்பாக வாசித்தாலும் மானம் போகாத ஓர் இடம் அவனுக்குத் தேவைப்பட்டது. அதனால்தான், தொடங்குவதாக இருந்தால் வாசிப்பு நேரத்தில் தொடங்குங்கள் என்கிறேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு தடவிக்கொடுக்கும் கூட்டமாக அதை ஆக்கிவிட்டால் நாய்க்கும் பயனில்லை, பிள்ளைக்கும் பயனில்லை.

நம் ஊரில் இதில் உள்ள பெரிய சிக்கல் பயம். அது நியாயமான பயம். நாய்க்கடி பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை எந்தப் பள்ளியிலும் இருக்கும். ரேபிஸ் சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே நாய் வாசலுக்கு வரும் முன்பே பாடம் நடந்தாக வேண்டும். தெரியாத நாயைக் கண்டால் ஓடக் கூடாது, கைகளை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். சாப்பிடும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் நெருங்கக் கூடாது. கடித்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். லட்டு வராமலே போயிருந்தாலும் இந்தப் பாடம் மட்டும் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய லாபம்.

முன்பு கடிபட்ட ஒரு சிறுமி எங்கள் பள்ளியிலும் இருந்தாள். ஆண்டு முழுவதும் அவள் லட்டுவைத் தொடவே இல்லை. வியாழக்கிழமைகளில் அடுத்த வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ஒரு தடவை தொட்டுப் பார்" என்று யாரும் சொல்லக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். விலகி நிற்பது அவள் உரிமை. பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுப்பவர்களிடம் காரணம் கேட்காதீர்கள். ஒவ்வாமை இருக்கலாம், நாயின் எச்சில் படுவதை மார்க்க நெறியாகத் தவிர்க்கும் இஸ்லாமியக் குடும்பங்கள் இருக்கலாம். தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, வட்டாரக் கல்வி அலுவலர் எல்லோருக்கும் தெரிந்தே நடக்கட்டும்.

நாயின் பக்கமும் பார்க்க வேண்டும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் கால்நடை மருத்துவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். வளர்ப்பவர் கையில் எப்போதும் கயிறு இருக்க வேண்டும். நாயைப் பிள்ளைகளோடு தனியே விடக் கூடாது. தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் அதற்குப் போதும் என்பதன் அடையாளங்கள். கண்டவுடன் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நம் வெயிலில் காலை நேரம் மட்டுமே சரி. மார்ச், ஏப்ரலில் வேண்டவே வேண்டாம்.

பள்ளி வாசலில் படுத்திருக்கும் தெருநாயைக் குளிப்பாட்டி உள்ளே கூட்டி வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அன்பு புரிகிறது, ஆனால் செய்யக் கூடாது. பள்ளி வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றும்படி உச்ச நீதிமன்றமே 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. இன்னொன்று: வீட்டில் அடிபடும் பிள்ளைக்கும் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கும் பிள்ளைக்கும் நாய் மருந்தாகாது. அங்கே ஆலோசகர் வேண்டும், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

இனி உங்கள் சிப்பிப்பாறை. முயல் விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் அது. ஓடுவதைக் கண்டால் துரத்தும். இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர் போனவை, அந்நியரை எளிதில் ஏற்காதவை. இனத்தை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. விதிவிலக்காகச் சாதுவான நாய்கள் உண்டு. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அது படுத்திருக்கும்போது பின்னால் கொஞ்சம் தள்ளி ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போடுங்கள். சத்துணவு நேரத்தில் பள்ளியில் ஓயாமல் கேட்கும் சத்தம் அதுதான். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டால், அடுத்த கட்டமாகக் கால்நடை மருத்துவரிடமும் நாய்ப் பயிற்சியாளரிடமும் பேசலாம். குரைத்தாலோ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாலோ, அது வீட்டிலேயே இருக்கட்டும். பள்ளிக்கு வேறு நாயைத் தேடுங்கள்.