ரத்தமாகப் போகும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஊசியா?

கேள்வி: தம்பிக்கு 27 வயது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோய். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமும் சளியுமாகப் போகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தினமும் வயிற்றில் ஓர் ஊசி போடுகிறார்கள், கேட்டால் ‘ரத்தம் உறையாமல் இருக்க’ என்கிறார் நர்ஸ். அம்மா பயந்துபோய் இன்று போட விடவில்லை. செய்தது சரியா?

சரியில்லை. இன்று மாலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் பேசி ஊசியைத் தொடரச் சொல்லுங்கள். அம்மாவின் மேல் தவறில்லை. ரத்தம் போகிற பிள்ளைக்கு ஏன் இந்த ஊசி என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து விளக்க எங்கள் வார்டுகளில் ஆளில்லை, கையெழுத்து வாங்க மட்டும் எப்படியோ ஆள் வந்துவிடுகிறார்.

உறையும் சக்தி குறைந்ததால் ரத்தம் வரவில்லை. பெருங்குடலின் உட்புறம் அழன்று புண்ணாகி அங்கிருந்து கசிகிறது. ஆனால் அந்த அழற்சி குடலோடு நிற்பதில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான ஃபைப்ரினோஜென் ஏறுகிறது, எட்டாம் உறைகாரணி ஏறுகிறது, உறைதலுக்கு உதவும் தட்டணுக்கள் இயல்பான அளவின் மேல்வரம்பான நாலரை லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு, உறைதலை அடக்கி வைக்கும் புரதங்களோ குறைகின்றன. உறையும்போது உண்டாகிற த்ராம்பின் என்ற நொதி திரும்பவும் அழற்சியைக் கிளறிவிடும். போதாததற்குப் படுத்த படுக்கை, உடம்பில் நீர் வற்றல், ஸ்டீராய்டு வேறு. அதனால்தான் இந்த நோயாளிகளுக்குக் காலில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போய் அடைக்கிற ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு, நோய் பொங்கியிருக்கும் நாட்களில் அதற்கும் மேல். வழக்கமாகப் போடுவது எனாக்ஸபேரின் 40 மில்லிகிராம், தினம் ஒன்று. இது ரத்தக்கட்டி வராமல் தடுக்கும் சின்ன அளவு, வந்துவிட்ட ரத்தக்கட்டிக்குக் கொடுப்பது இதைவிட மிக அதிகம். இந்தச் சின்ன அளவால் குடல் ரத்தக்கசிவு பெரிதாகக் கூடுவதில்லை.

எப்போது நிறுத்துவார்கள் என்று கேட்பீர்கள். மலத்தோடு ரத்தம் கலந்து வருவதற்காக நிறுத்த மாட்டார்கள், பத்துத் தடவை போனாலும் சரி. பிரஷர் இறங்கி, நாடி வேகமாகி, தலைசுற்றி விழுந்து, பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றியும் ஹீமோகுளோபின் நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. அப்போது ஊசியை நிறுத்திவிட்டு, காற்றடைத்துக் காலை அமுக்கிவிடும் உறையை மாட்டுவார்கள். கசிவு அடங்கியதும் ஊசி திரும்ப ஆரம்பிக்க வேண்டும், இதைத்தான் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள், நிறுத்தியது நிறுத்தியபடியே டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது. உங்கள் தம்பிக்கு அப்படி நிறுத்தினால் ‘மறுபடி எப்போது?’ என்று தினமும் கேளுங்கள், யார் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

இனி நான் கோபப்படுகிற விஷயம். மெடிக்கல் ஷாப்பில் ‘ரத்தம் நிற்க மாத்திரை’ என்று டிரானெக்ஸாமிக் அமிலத்தைச் சீட்டில்லாமல் தூக்கிக் கொடுக்கிறார்கள். 2020-இல் வெளியான ஹால்ட்-ஐடி ஆய்வில், இரைப்பை, குடல் ரத்தக்கசிவோடு வந்த சுமார் 12,000 பேரைப் பார்த்தார்கள். இந்த மருந்தால் சாவு குறையவில்லை, சிரைகளில் ரத்தம் கட்டுவதுதான் ஏறக்குறைய இரு மடங்கானது. ஏற்கெனவே ரத்தம் கட்டக் காத்திருக்கும் உடம்புக்கு இதை டாக்டர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். அப்புறம் ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்று சுவரில் எழுதியிருப்பவர்கள். ரத்தம் வந்தால் மூலம்தான் என்று அவர்களே முடிவு கட்டி மாதக்கணக்கில் இழுப்பார்கள், பெருங்குடல் அழுகிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் லேப் ஆள் வந்து ‘உறைதல் பேக்கேஜ்’ என்று ரத்தப் பரிசோதனைகளை விற்றாலும் வேண்டாம். அழற்சி நாளில் எட்டாம் காரணியும் புரதங்களும் தாறுமாறாகத்தான் இருக்கும், அதை வைத்து ரத்தம் உறைகிற பரம்பரை நோய் என்று பயமுறுத்துவது கமிஷனுக்காக.

வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் கவனம் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தாலோ காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள், கொலைட்டிஸ் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.