அப்பா காலத்து நம்பர் என்னாகும்?

கேள்வி: ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். இரண்டு லேண்ட்லைன், பன்னிரண்டு எக்ஸ்டென்ஷன் உள்ள எங்கள் இபிஏபிஎக்ஸ் (கடை போன்களை எல்லாம் இணைக்கும் பெட்டி) அடிக்கடி படுத்துக்கொள்கிறது. கிளவுடுக்கு, அதாவது இன்டர்நெட் வழியாக ஓடும் போன் சேவைக்கு, மாறச் சொல்கிறார்கள். அப்பா காலத்து 0424 நம்பர் போய்விடுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக மாறலாம். ஆனால் வேறு கம்பெனிக்குப் போகும்போது நம்பரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று விற்க வருபவர் சொன்னால் நம்பாதீர்கள். 2011 முதல் நாடு முழுக்க இருக்கும் அந்த வசதி மொபைலுக்குத்தான். எனவே பழைய லைனை வைத்துக்கொண்டு, அதில் வரும் அழைப்புகளை கிளவுட் கம்பெனி தரும் புது நம்பருக்குத் திருப்பிவிடுங்கள். கூப்பிடுகிறவர் நம்பர் திரையில் தெரிகிறதா, ஒரே நேரத்தில் இருவர் கூப்பிட்டால் இரண்டும் வந்து சேர்கிறதா என்று சோதித்த பிறகே பணம் கட்டுங்கள்.

இபிஏபிஎக்ஸ் மாட்டிக் கழற்றியே பிழைத்தவன் நான். கொட்டேஷன் கேட்கும் முன் சுவரில் இருக்கும் குரோன் பெட்டியை (போன் ஒயர்கள் வந்து சேரும் பெட்டி) திறந்து, ஒவ்வொரு ஜோடி ஒயரும் எங்கே போகிறது என்று தேடிப் பிடியுங்கள். பன்னிரண்டு என்பீர்கள், பேசுவது ஏழாக இருக்கும். ஏதோ ஒன்று குடோன் அலாரத்துக்கோ தூசி படிந்த ஃபேக்ஸுக்கோ போயிருக்கும். அந்த மாதிரி சமாச்சாரங்களைப் பழைய லைனிலேயே விட்டுவிடுவது நல்லது.

இன்டர்நெட் வேகம் பெரிய விஷயமில்லை. ஒரு அழைப்புக்குச் சுமார் 100 கேபிபிஎஸ் போதும். ஆனால் சிசிடிவியும் டேலி பேக்கப்பும் அப்லோடை அடைத்துக்கொண்டால் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். ரவுட்டரில் பேச்சுக்கு முன்னுரிமை வைக்கச் சொல்லுங்கள். கல்லாப்பெட்டி போனுக்கு வைஃபை வேண்டாம், கேபிளே போடுங்கள். அப்புறம் கரண்ட். சாதா லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் ஓடியது. இனி ஃபைபர் மோடம், ரவுட்டர், போன் கேபிள்கள் சேரும் நெட்வொர்க் சுவிட்ச் மூன்றையும் யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டும். ஒன்றை விட்டாலும் கரண்ட் போனதும் கடை ஊமை.

திங்கள் ராத்திரி சந்தை கூடும் ஊர் உங்களுடையது. அதனால் மாற்றத்தைப் புதன்கிழமை வையுங்கள், அதுவும் முதலில் கணக்குப் பிரிவுக்கு மட்டும். ஆர்டர் எடுக்கும் போன்கள் கடைசியில் மாறட்டும். வெளியே போகும் அழைப்பில் புது நம்பர்தான் தெரியும். பார்ட்டிகளுக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏதோ லோன் விற்கிற ஆள் என்று எடுக்கவே மாட்டார்கள்.

இரண்டாவது லேண்ட்லைனைத் தீபாவளி சீசன் முடிந்ததும் சரண்டர் செய்யலாம். டெபாசிட் ரசீதை இப்போதே தேடி வையுங்கள்.