தூங்கி எழுந்தால் சரியாகிவிடுமா?

(மனநல மருத்துவர் பதில்கள். காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் மெத் (மெத்தாம்பெட்டமைன் என்ற போதைப்பொருள், ‘ஐஸ்’ என்பதும் இதுதான்) பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். பெயர்களை நீக்கிவிட்டேன்.)

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 24 வயது, சென்னையில் வேலை. போன சனிக்கிழமை ராத்திரி பல்லவனில் வந்து இறங்கியவன், "ஆத்தா, ஒரு வருஷமா ஐஸ் எடுக்குறேன், விட்டுடணும்" என்று சொல்லி அழுதான். அன்றிலிருந்து தூக்கம்தான். எழுந்தால் சாப்பிடுகிறான், மறுபடி படுத்துவிடுகிறான். மூன்று நாளாகிவிட்டது. அவன் அப்பச்சி (அப்பா) கோலாலம்பூரில் இருக்கிறார்கள், இன்னும் சொல்லவில்லை. கொழுந்தனார், "தூங்கி எழுந்தா விஷம் இறங்கிடும்" என்கிறார். இன்னொரு சொந்தக்காரர், ஒரு முகாமில் மூன்று மாதம் பூட்டிவைத்துச் சரிசெய்து அனுப்புவார்கள், அங்கே விடு என்கிறார். என்ன செய்ய?
— பள்ளத்தூர் வாசகி

பதில்: ஆச்சி, பையன் தானாக வந்து வாயைத் திறந்து சொல்லியிருக்கிறான். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கடன், போலீஸ், வேலை போனது என்று ஏதோ ஒன்று கழுத்தைப் பிடித்த பிறகுதான் வருகிறார்கள். அதனால் இப்போது அவனைத் திட்ட வேண்டாம், எவ்வளவு பணம் போனது, யார் கொடுத்தது என்ற விசாரணையெல்லாம் அப்புறம்.

மெத் உடம்பில் இருக்கும்வரை தூக்கமும் பசியும் கிட்டவே வராது, இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் கண் மூடாமல் இருப்பார்கள். உற்சாகத்துக்கும் ஆசைக்கும் காரணமான டோபமைனை மூளை அந்த நேரத்தில் அளவுக்கு மீறிக் கொட்டிவிடுகிறது. நிறுத்தியதும் எல்லாம் வற்றிப்போகிறது. முதல் நாளிலிருந்தே அடித்துப்போட்டது போலத் தூக்கம், விழித்தால் அகோரப் பசி, எரிச்சல், கெட்ட கனவு, எதுவும் வேண்டாம் என்ற சோர்வு எல்லாம் இதனால்தான். இது பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்.

குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மெத்தை மட்டும் நிறுத்தும்போது உடம்பு அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் மெத் மட்டும்தானா என்று அவனிடம் கேட்டுவிடுங்கள். கூடவே குடியோ, தூக்க மாத்திரையோ, வலி மாத்திரையோ இருந்தது என்றால் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பெயர் சொல்லி உலுக்கினால் விழிக்கிறானா என்று அவ்வப்போது பாருங்கள். எழுப்ப முடியவில்லை, மூச்சு இழுத்து இழுத்து வருகிறது, உதடு நீலமாகிறது, நெஞ்சு வலிக்கிறது என்கிறான், வலிப்பு வருகிறது, இதில் எது நடந்தாலும் 108தான்.

மற்றபடி தூங்கட்டும். தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர். எழுந்த நேரத்தில் இடியாப்பமோ கஞ்சியோ எது இறங்குகிறதோ அது. மூன்று வேளைக் கணக்கு இந்த வாரம் வேண்டாம். உங்கள் வீடுகள் பெரியவை, சத்தம் வேண்டாமே என்று பையனைப் பின்கட்டு அறையில் தனியாகப் படுக்கவைப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். ஆள் நடமாட்டம் இருக்கும் வளவு அறையில் படுக்கட்டும், கதவைத் தாழ் போடாமல்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த நாட்களில் பெரிய ஆபத்து தற்கொலை எண்ணம். தூக்கம் தெளியும்போது செய்ததெல்லாம் நினைவுக்கு வரும், அதைத் தாங்கும் தெம்பு அப்போது இருக்காது. "செத்துப்போகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்பது உண்மை இல்லை, கேட்டவுடன் கொட்டிவிடுவார்கள். அப்பத்தாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்து, எல்லாம் பீரோவுக்குள் போகட்டும், சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். ராத்திரியில் பயமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. மெத் உடம்பை விட்டுப் போக சில நாள் போதும், சிறுநீரில்கூட நாலைந்து நாளில் தெரியாமல் போய்விடும். பழக்கம் ரத்தத்தில் இல்லையே. தூங்கி எழுந்து, குளித்து, முகம் தெளிந்து, "இனிமே ஒண்ணும் இல்ல ஆத்தா, திங்கட்கிழமை சென்னைக்குக் கிளம்புறேன்" என்பான் பாருங்கள், வைத்தியம் தொடங்க வேண்டிய நாள் அதுதான். அன்றைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டால் அந்த மாதச் சம்பளத்தோடு பழைய இடத்துக்கே போய் நிற்பான். லீவை நீட்டச் சொல்லுங்கள்.

இந்த வாரமே சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் காட்டுங்கள். ரத்த அழுத்தம், இசிஜி, பல், தோல் எல்லாம் பார்க்க வேண்டும். ஊசி போட்டிருந்தால் அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை, கூடவே மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கும். மெத்தை மறக்கவைக்கும் மாத்திரை என்று ஒன்று இன்றுவரை வரவில்லை. அமெரிக்காவில் நால்ட்ரெக்சோன் ஊசியையும் புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2021ல் வெளிவந்தது, அதிலும் நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு பேருக்குத்தான் பலன். மருந்தே இல்லாத போலி ஊசியும் மாத்திரையும் கொடுத்தவர்களில் அது இரண்டு மூன்று பேர். ஆகவே மாதக்கணக்கில் வாராவாரம் வரும் கவுன்சலிங்தான் முதுகெலும்பு. தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தேவைப்பட்டால் டாக்டர் தனியாக மருந்து தருவார்.

பூட்டிவைக்கும் முகாமுக்கு அனுப்பாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநோய்களுக்கும் பொருந்தும், சங்கிலி போடுவதை எந்த வடிவிலும் அது தடைசெய்கிறது. எந்த மையமாக இருந்தாலும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள், பையனை வாரம் ஒருமுறையாவது பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். அப்பச்சிக்கும் சொல்லிவிடுங்கள், இதை நீங்கள் ஒருவராகச் சுமக்க முடியாது.

கேள்வி: அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களா? தம்பி அதற்குப் பயந்தே வரமாட்டேன் என்கிறான்.
— காரைக்குடி வாசகர்

பதில்: வைத்தியத்துக்கு வந்தவனைப் பிடித்துக்கொடுப்பது டாக்டர் வேலை இல்லை. நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று நான் மேலே சொன்ன சட்டமே சொல்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது: தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொள்பவர் மீது, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு நடத்துவதிலிருந்து பாதுகாப்பு உண்டு. மெத்துக்குச் சிறிய அளவு என்பது 2 கிராம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். விற்றவர்களுக்கு இது பொருந்தாது. ஏற்கெனவே வழக்கு இருந்தால் வக்கீலைப் பாருங்கள். தயங்குகிற தம்பியை முதலில் 14446க்குப் பேசச் சொல்லுங்கள், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் அது.

கேள்வி: எங்கள் ஊருக்கு வீடுகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வருவார்கள். அண்ணன் மகன் அவர்கள் எல்லோரும் தன்னைப் படம் எடுக்க வந்தவர்கள் என்கிறான். ராத்திரி மாடியில் யாரோ தன் பெயரைச் சொல்லிப் பேசுகிறார்களாம். மெத் நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. மந்திரிக்கலாமா?
— கானாடுகாத்தான் வாசகர்

பதில்: கோயிலுக்குப் போவதாக இருந்தால் போய்விட்டு வாருங்கள், ஆனால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும். மெத் இப்படிச் சந்தேகத்தையும் இல்லாத குரலையும் உண்டாக்கும், பலருக்கு நிறுத்திய சில நாளில் அடங்கிவிடும், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். அடக்குவதற்கு நல்ல மருந்து இருக்கிறது. அதுவரை "பைத்தியம் மாதிரி பேசாதே" என்று வாதாடாதீர்கள், "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று ஒத்தும் ஊதாதீர்கள். "உனக்குப் பயமா இருக்குல்ல, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றால் போதும். முகப்புக் கதவைச் சாத்திவையுங்கள், இந்த வாரம் யாரும் வீடு பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரிவாள்மனை, அரிவாள் கண்ணில் படக்கூடாது. கையில் எதையாவது எடுத்தால் சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: விட்டு ஆறு வாரம் ஆகிறது. சித்தப்பா கடையில் உட்கார்ந்திருக்கிறேன். யார் மேலும் கோபம் இல்லை, அழுகையும் இல்லை, ஆனால் எதிலும் ஒரு சந்தோஷமும் இல்லை. ஆத்தா ஆசையாகப் பால்பணியாரம் செய்தார்கள், ருசியே தெரியவில்லை. இப்படியே இருந்துவிடுவேனா? இதற்கு மெத்தே பரவாயில்லை என்று தோன்றுகிறது.
— பெயர் வேண்டாம், 26 வயது

பதில்: தம்பி, இருந்துவிட மாட்டீர்கள். இதை எழுதியதற்கு நன்றி, ஏனென்றால் வீட்டில் எல்லோரும் "பையன் தேறிட்டான்" என்று நிம்மதியாகிவிடும் இந்தக் கட்டத்தில்தான் நிறையப் பேர் சத்தமில்லாமல் திரும்பிப் போகிறார்கள். அளவுக்கு மீறிய டோபமைனைப் பார்த்துப் பழகிய மூளைக்குப் பணியாரத்தின் சந்தோஷம் இப்போது எட்டவில்லை. நெல் அறுத்த வயலில் மறுநாளே பச்சையைத் தேடுவது போலத்தான் இது. ஒரு வருஷத்துக்கு மேல் விலகியிருந்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், முழுக்க இல்லாவிட்டாலும் டோபமைன் பகுதி கணிசமாகத் தேறியிருந்தது. மாற்றம் அதற்கு முன்பே தெரியவரும், ஒரு நாள் நன்றாக இருக்கும், அடுத்த மூன்று நாள் இருக்காது, அப்படி விட்டுவிட்டுத்தான் வரும்.

அதுவரை ஆசை வந்தால் செய்கிறேன் என்று காத்திருக்காதீர்கள், இப்போதைக்கு ஆசை வராது, நேரம் வைத்துச் செய்யுங்கள். விடிகாலையில் ஊருணியைச் சுற்றி வேர்க்கும் அளவுக்கு நடங்கள். உடற்பயிற்சி இந்தச் சோர்வைக் குறைக்கிறது. ஒரே நேரத்தில் படுங்கள். மெத் நினைப்பு மூர்க்கமாக வரும்போது ஒரு கால் மணி, அரை மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். அந்த நேரத்தில் கடையில் தனியாக உட்காராமல் எழுந்து ஆள் இருக்கும் இடத்துக்குப் போங்கள், ஒருவருக்குப் போன் போட்டு "இப்ப தோணுது" என்று சொல்லுங்கள். யாரிடம் சொல்வது என்று இன்றே முடிவு செய்துவிடுங்கள். பழைய எண்களை அழித்து சிம்மை மாற்றுங்கள். போனிலிருந்து பணம் அனுப்பும் வசதியைச் சில மாதம் எடுத்துவிட்டு, சம்பளத்தை ஆத்தா கணக்கில் போடச் சொல்லுங்கள். இதில் உங்களுக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் சின்னப் பரிசு கொடுக்கும் முறைதான் மெத் பழக்கத்தில் இதுவரை நல்ல பலன் தந்தது. சித்தப்பாவிடம் சொல்லி வாரம் ஒன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், ரொக்கமாக வேண்டாம், பொருளாக. கடைசியாக நீங்கள் எழுதிய அந்த வரிக்காக மட்டுமே இந்த வாரம் டாக்டரைப் பாருங்கள், மனச்சோர்வு நோய் தனியாக இருந்தால் அதற்கு வைத்தியம் இருக்கிறது.

கேள்வி: மகன் விட்டு மூன்று வாரம் ஆகிறது. வைகாசியில் கல்யாணம் செய்துவைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்கிறார்கள். பெண் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
— திருப்பத்தூர் அருகிலிருந்து

பதில்: செய்யாதீர்கள். மூன்று வாரத்தில் அவனுக்குத் தூக்கமே சரியாகியிருக்காது. ஒரு பெண்ணை மருந்தாகக் கொண்டுவந்து அவள் தலையில் இதைக் கட்டுவது பெரிய பாவம். ஒரு வருஷம் போகட்டும். அப்போதும் பெண்ணிடம் முழுதும் சொல்லி, அவள் சம்மதித்தால் மட்டும்.

கேள்வி: கணவர் மூன்று மாதம் எடுக்காமல் இருந்தார். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் மறுபடி எடுத்துவிட்டார். அவரே சொன்னார். எல்லாம் வீணா? கைக்குழந்தை இருக்கிறது.
— தேவகோட்டை வாசகி

பதில்: அம்மா, முதலில் நீங்களும் குழந்தையும். கை நீட்டினால், பொருளை உடைத்தால் அந்த நிமிஷமே பிறந்த வீட்டுக்குக் கிளம்புங்கள். 181 பெண்களுக்கான உதவி எண்.

அப்படி இல்லையென்றால் மூன்று மாதமும் வீண் இல்லை, உடம்பு அந்த மூன்று மாதம் தேறியது தேறியதுதான். சறுக்குவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. ஆனால் அவரிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: இடைவெளிக்குப் பிறகு பழைய அளவை உடம்பு தாங்காது, இதயத்துக்கு ஆபத்து. இரண்டு மூன்று நாளில் டாக்டரிடம் போங்கள், இருவருமாக. சட்டைப்பையைத் துழாவும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள், பரிசோதனையை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். கல்யாணத்தில் யாரைப் பார்த்தார், எங்கே தங்கினார், கையில் எவ்வளவு இருந்தது, அதற்கு முந்தின இரவு தூங்கினாரா என்று டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவரையே சொல்ல விடுங்கள்.

அடுத்த கல்யாணப் பத்திரிகை சென்னையிலிருந்து வந்தால் சேர்ந்தே போங்கள், பந்தியில் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பும்படி டிக்கெட் போடுங்கள். கூட மெத் எடுத்த பழைய நண்பர் யாராவது வருவார் என்று தெரிந்தால் போகவே வேண்டாம், மொய்ப்பணத்தை அனுப்பிவிடுங்கள்.